ஒரு செய்முறை, பல வகைகள்: சி பிளஸ் பிளஸ் மொழியின் வார்ப்புருக்கள்

மூன்று பட்டியல்களை எடுத்துக்கொள்வோம். முதல் பட்டியலில் ஒரு வகுப்பு மாணவர்களின் அறிவியல் மதிப்பெண்கள்: 67, 82, 45 என எல்லாமே முழு எண்கள். இரண்டாவது பட்டியலில், ஆய்வுக்கூடத்தில் சூடேற்றப்பட்ட நீரின் வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம் குறிக்கப்பட்டிருக்கிறது: 28.5, 31.2, 35.8 என எல்லாமே தசம எண்கள். மூன்றாவது பட்டியலில் மாணவர்களின் பெயர்கள்.

முதல் பட்டியலில் மிகப் பெரிய மதிப்பெண் எது? இரண்டாவதில் மிக உயர்ந்த வெப்பநிலை எது? மூன்றாவதில் அகரவரிசைப்படி கடைசியாக வரும் பெயர் எது?

மூன்று கேள்விகளுக்கும் நீங்கள் செய்யும் வேலை ஒன்றுதான். முதல் உறுப்பை 'இதுவே பெரியது' என்று மனத்தில் வைத்துக்கொள்கிறீர்கள். அடுத்த உறுப்போடு ஒப்பிடுகிறீர்கள். அது பெரியதாக இருந்தால் பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்கிறீர்கள். பட்டியல் முடியும்வரை இப்படியே செய்தால் விடை கிடைத்துவிடும்.

செய்முறை ஒன்றாக இருந்தாலும், சி பிளஸ் பிளஸ் போன்ற மொழியில் இதை வெறுமனே எழுதப் போனால் மூன்று முறை எழுத வேண்டியிருக்கும். அது ஏன், அந்தச் சிக்கலை 'வார்ப்புரு' எப்படித் தீர்க்கிறது, இயற்பியல் வகுப்பில் நாம் வலியுறுத்தும் அலகுகளுக்கும் இதற்கும் என்ன உறவு என்பவையே இந்தப் பாடத்தின் பொருள்.

ஒரு குறிப்பு: சி பிளஸ் பிளஸ் மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே புரிதலுக்காக அவற்றைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலின் அமைப்பு மாறவில்லை.

எண்ணுக்கும் ஒரு வகை உண்டு

கணினியின் நினைவகத்தில் இருப்பவை 0, 1 ஆகிய இரண்டு குறிகள் மட்டுமே. 32 குறிகள் கொண்ட ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள். முதலில் இரண்டு 0, அடுத்து ஏழு 1, அதன் பின் இருபத்து மூன்று 0. இதன் மதிப்பு என்ன?

'இது முழு எண்' என்று சொன்னால் மதிப்பு 1,065,353,216. 'இது தசம எண்' என்று சொன்னால், இன்று பெரும்பாலான கணினிகள் பின்பற்றும் முறைப்படி, அதே வரிசையின் மதிப்பு 1.0. குறிகள் மாறவில்லை. அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்ற விதிதான் மாறியது. அந்த விதியையே 'தரவு வகை' அல்லது சுருக்கமாக 'வகை' என்கிறோம்.

இரண்டு முழு எண்களை ஒப்பிடுவதற்குக் கணினியின் செயலியில் ஒரு கட்டளை உண்டு. இரண்டு தசம எண்களை ஒப்பிடுவதற்கு வேறொரு கட்டளை உண்டு. சி பிளஸ் பிளஸ் ஒரு தொகுப்பு மொழி. நாம் எழுதும் நிரலை 'தொகுப்பி' என்ற மென்பொருள், நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது. எந்தக் கட்டளையை எழுதுவது என்று முடிவு செய்ய, ஒவ்வொரு மாறியின் வகையும் தொகுப்பிக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பைத்தன் மொழி கற்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். பைத்தனில் ஒவ்வொரு மதிப்பும் தன் வகையைத் தன்னோடு சுமந்து செல்கிறது. நிரல் ஓடும்போதுதான் அந்த வகை பார்க்கப்படுகிறது. எழுதுவது எளிது. ஆனால் ஒவ்வொரு முறையும் வகையைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை நிரல் ஓடும் நேரத்தில் சேர்ந்துகொள்கிறது. வகைப் பிழை இருந்தால் அந்த வரி ஓடும்வரை அது வெளியே தெரியாமலும் போகலாம்.

மூன்று பழைய வழிகள்

வார்ப்புரு வருவதற்கு முன் நிரலாளர்கள் மூன்று வழிகளைக் கையாண்டார்கள்.

முதல் வழி, ஒரே செயற்கூறைப் படியெடுத்து வகையை மட்டும் மாற்றி எழுதுவது:

முழுஎண் பெரியது(முழுஎண் அ, முழுஎண் ஆ)
{
    அ < ஆ எனில் ஆ-வைத் திருப்பு;
    இல்லையெனில் அ-வைத் திருப்பு;
}

தசமஎண் பெரியது(தசமஎண் அ, தசமஎண் ஆ)
{
    அ < ஆ எனில் ஆ-வைத் திருப்பு;
    இல்லையெனில் அ-வைத் திருப்பு;
}

இரண்டின் உள்ளேயும் ஒரே வரிகள்தான் இருக்கின்றன. இரண்டு படிகள் என்றால் சமாளிக்கலாம். இருபது படிகள் இருந்து, அவற்றுள் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் இருபது இடங்களிலும் திருத்த வேண்டும். பத்தொன்பதைத் திருத்தி ஒன்றை மறந்துவிட்டால் அந்த ஒன்று பல மாதங்கள் பதுங்கியிருக்கும்.

இரண்டாவது வழி, சி மொழியின் மேக்ரோ. இது எழுத்தை எழுத்தாக மாற்றி ஒட்டும் வேலை. மேக்ரோவுக்கு வகை என்பதே தெரியாது. 'எண்ணிக்கையை ஒன்று கூட்டி அதை ஒப்பிடு' என்று ஒரு கோவையைக் கொடுத்தால், மேக்ரோவில் அந்தக் கோவை இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டு, எண்ணிக்கை இரண்டு முறை கூடிவிடக்கூடும்.

மூன்றாவது வழி, வகையை மறைத்துவிடுவது. சி மொழியில் பட்டியலை வரிசைப்படுத்த 'கியூசார்ட்' என்ற ஆயத்தச் செயற்கூறு உண்டு. பட்டியல் எங்கே இருக்கிறது, எத்தனை உறுப்புகள், ஒவ்வோர் உறுப்பும் எத்தனை பைட், இரண்டு உறுப்புகளை ஒப்பிடும் செயற்கூறு எது என்ற நான்கையும் அதனிடம் சொல்ல வேண்டும். உறுப்பின் வகை என்ன என்பதை மட்டும் சொல்ல முடியாது. தசம எண் பட்டியலைக் கொடுத்து, முழு எண்களை ஒப்பிடும் செயற்கூறைத் தவறுதலாகச் சேர்த்து அனுப்பினாலும் தொகுப்பி தடுக்காது. நிரல் ஓடும், விடை தவறாக வரும்.

படியெடுத்தால் வகை காக்கப்படுகிறது, வேலை பெருகுகிறது. வகையை மறைத்தால் வேலை குறைகிறது, பாதுகாப்பு போய்விடுகிறது. இரண்டையும் ஒருசேரப் பெற முடியுமா?

வகைக்கு ஒரு வெற்றிடம்

முடியும் என்பதே வார்ப்புருவின் பதில். டெம்ப்ளேட் என்று நிரலாளர்கள் சொல்வது இதைத்தான்.

வார்ப்புரு <வகை ட>
ட பெரியது(ட அ, ட ஆ)
{
    அ < ஆ எனில் ஆ-வைத் திருப்பு;
    இல்லையெனில் அ-வைத் திருப்பு;
}

முதல் வரியைக் கவனியுங்கள். 'ட என்பது ஏதோ ஒரு வகை. எது என்று பிறகு சொல்கிறேன்' என்பது அதன் பொருள். இயற்கணிதத்தில் எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் என்று எழுதுகிறோம் அல்லவா? இங்கே வகைக்குப் பதிலாக ட என்று எழுதுகிறோம்.

வார்ப்புரு என்ற சொல் உலோக வார்ப்பை நினைவூட்டுகிறது. குத்துவிளக்கு அச்சு ஒன்று இருக்கிறது. அதில் பித்தளையை ஊற்றினால் பித்தளை விளக்கு வரும். வெள்ளியை ஊற்றினால் வெள்ளி விளக்கு வரும். அச்சு விளக்கு ஆகாது. உலோகம் வந்த பிறகுதான் விளக்கு பிறக்கிறது. அதுபோல வார்ப்புருவிலிருந்து நேரடியாக எந்த இயந்திரக் கட்டளையும் உருவாவதில்லை. நீங்கள் அதைப் பயன்படுத்தும் இடத்தில்தான் தொகுப்பி வேலையைத் தொடங்குகிறது.

பெரியது(67, 82) என்று எழுதினால், இரண்டும் முழு எண்கள் என்பதைத் தொகுப்பி தானே கண்டறிகிறது. ட இருக்கும் இடமெல்லாம் முழுஎண் என்று நிரப்பி ஒரு செயற்கூறை வார்த்தெடுக்கிறது. பெரியது(28.5, 31.2) என்று எழுதினால் தசமஎண் கொண்டு இன்னொரு செயற்கூறு பிறக்கிறது. முன்பு நாம் கையால் செய்த படியெடுப்பை இப்போது தொகுப்பி செய்கிறது. ஆனால் நாம் காக்க வேண்டிய மூலம் ஒன்றே ஒன்றுதான். பிழை இருந்தால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும்.

பெரியது(3, 7.5) என்று எழுதினால்? முதல் மதிப்பு ட என்பது முழுஎண் என்கிறது. இரண்டாவது மதிப்பு தசமஎண் என்கிறது. ஒரே வெற்றிடத்துக்கு இரண்டு விடைகள். தொகுப்பி ஊகித்து எதையோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. 'முரண்பாடு' என்று சொல்லி நின்றுவிடுகிறது. நாம்தான் பெரியது<தசமஎண்>(3, 7.5) என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

பெயர்களை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதும் சொல்லை, சி பிளஸ் பிளஸ் 'சரம்' என்ற வகையாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தச் சொல் நினைவகத்தில் இருக்கும் முகவரியாகவே நம் வார்ப்புருவுக்குள் அது போகும். அப்போது ஒப்பிடப்படுவது பெயர்களா? இல்லை, முகவரிகள். வீட்டு எண்ணைப் பார்த்து ஆளின் உயரத்தைச் சொல்வது போன்றது அது. சரம் என்ற வகையில் பெயரை வைத்துக்கொண்டு அனுப்பினால் சரியான ஒப்பீடு நடக்கும்.

பட்டியலும் ஒரு வார்ப்புருவே

செயற்கூறுக்கு மட்டுமன்றி, தரவை வைத்திருக்கும் கொள்கலன்களுக்கும் வார்ப்புரு எழுதலாம். சி பிளஸ் பிளஸ் மொழியில் 'வெக்டர்' என்ற பட்டியல் அப்படிப்பட்டது. வெக்டர்<முழுஎண்> மதிப்பெண்களை வைத்திருக்கும். வெக்டர்<தசமஎண்> வெப்பநிலைகளை வைத்திருக்கும். மதிப்பெண் பட்டியலுக்குள் ஒரு பெயரைச் சேர்க்க முயன்றால் தொகுப்பி அனுமதிக்காது. இப்போது நம் தொடக்கக் கேள்விக்கு ஒரே விடையை எழுதலாம்:

வார்ப்புரு <வகை ட>
ட மிகப்பெரியது(வெக்டர்<ட> ப)
{
    ட விடை = ப[0];
    ப-வில் உள்ள ஒவ்வோர் உறுப்பு உ-வுக்கும்:
        விடை < உ எனில் விடை = உ;
    விடையைத் திருப்பு;
}

மூன்று பட்டியல்களுக்கும் இது ஒன்றே போதும்.

இந்த எண்ணத்தை வெகுதூரம் கொண்டு சென்றவர் அலெக்சாண்டர் ஸ்டெபனோவ். மாஸ்கோவில் பிறந்து கணிதம் பயின்றவர். சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கிய டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அந்தப் பணியைத் தொடங்கினார். வார்ப்புருவுக்கான வடிவமைப்பை 1988-இல் முன்வைத்தார். ஸ்டெபனோவ் அதைப் பயன்படுத்தி, மெங் லீ என்ற சக ஆய்வாளருடன் எச்.பி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒரு பெரிய நூலகத்தைக் கட்டினார். 1993 நவம்பரில் மொழியின் தரக் குழுவிடம் அது விளக்கப்பட்டது. 1994 ஜூலையில் குழு அதை ஏற்றுக்கொண்டது. 1998-இல் வெளிவந்த முதல் அனைத்துலகத் தரத்தில் அது மொழியின் ஒரு பகுதியாகவே இடம்பெற்றது.

அந்த நூலகத்தின் சிறப்பை ஒரு கணக்கால் விளக்கலாம். 5 வகைக் கொள்கலன்கள் இருக்கின்றன. தேடுதல், எண்ணுதல், மாற்றுதல் போன்ற 10 செய்முறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கொள்கலனுக்கும் ஒவ்வொரு செய்முறையையும் தனித்தனியாக எழுதினால் 5 × 10 = 50 செயற்கூறுகள் தேவை. ஸ்டெபனோவ் இரண்டுக்கும் நடுவே 'இட்டரேட்டர்' என்ற ஒன்றை வைத்தார். அதை, பட்டியலில் ஓர் இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். அடுத்த இடத்துக்கு நகரலாம். முடிவுக்கு வந்துவிட்டோமா என்று கேட்கலாம். கொள்கலன் தன் விரலைக் கொடுத்தால் போதும். செய்முறை அந்த விரலை மட்டும் நம்பி வேலை செய்யும். அப்போது 5 கொள்கலன்களும் 10 செய்முறைகளுமாக 15 துண்டுகள் போதும். பெருக்கல் கூட்டலாகிவிட்டது.

எல்லா விரல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெக்டரில் உறுப்புகள் அடுத்தடுத்து இருப்பதால் விரல் ஒரே தாவலில் நடுப்பகுதிக்குப் போகும். ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைக் கைகாட்டும் சங்கிலிப் பட்டியலில் ஒவ்வோர் அடியாகத்தான் நடக்க வேண்டும். வரிசைப்படுத்தப்பட்ட 1,000 பெயர்களில் ஒன்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் 10 ஒப்பீடுகளில் முடித்துவிடலாம். ஆனால் அந்த வேகம் முழுமையாகக் கிடைக்க, தாவும் விரல் வேண்டும். ஒரு செய்முறைக்கு என்னென்ன தேவை என்று சரியாகச் சொல்வதும், தேவைக்கு மேல் எதையும் கேட்காமல் இருப்பதுமே பொதுமை நிரலாக்கத்தின் உயிர்நாடி.

அலகை மறந்தால் என்ன ஆகும்?

இனி இயற்பியலுக்கு வருவோம். 'விடை 12' என்று எழுதிவிட்டு அலகை விட்டுவிடும் மாணவருக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண் போகலாம். விண்வெளியில் இழப்பு அதைவிடப் பெரிது.

நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1998 டிசம்பர் 11-ஆம் தேதி செவ்வாய்க் கோளை நோக்கிப் புறப்பட்டது. 1999 செப்டம்பர் 23-ஆம் தேதி, செவ்வாயைச் சுற்றத் தொடங்க வேண்டிய நேரத்தில் அதன் தொடர்பு அறுந்துபோனது. விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் அளவைக் கணத்தாக்கு என்கிறோம். விண்கலத்தின் சிறு உந்திகள் தந்த கணத்தாக்கைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு விசை வினாடியில் கணக்கிட்டுக் கோப்பில் எழுதியது. அந்தக் கோப்பைப் படித்த வழிகாட்டும் மென்பொருள் அந்த எண்களை நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. 1 பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன். அந்த விகிதம் ஒவ்வொரு கணக்கிலும் விடுபட்டது. செவ்வாயின் தரைக்கு மேல் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும்படி திட்டமிடப்பட்ட கலம், பிந்திய கணக்குப்படி ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரம்வரை இறங்கிவிட்டது. அந்த உயரத்தில் செவ்வாயின் காற்றுமண்டலத்தை அதனால் தாங்க முடியாது.

கணினிக்கு இரண்டும் வெறும் தசம எண்கள்தான். வகை ஒன்றே என்பதால் எச்சரிக்க எதுவும் இல்லை. எண்ணோடு அதன் பரிமாணத்தையும் வகைக்குள் எழுதிவிட்டால்? வார்ப்புருவில் அது முடியும். வெற்றிடத்தில் வகையை மட்டுமல்ல, முழு எண்களையும் நிரப்பலாம்:

வார்ப்புரு <முழுஎண் பொருண்மை, முழுஎண் நீளம், முழுஎண் நேரம்>
வகுப்பு அளவு
{
    தசமஎண் மதிப்பு;
}

இந்த மூன்று முழு எண்களும் அடுக்குகள். நீளம் என்பது அளவு<0, 1, 0>. நேரம் என்பது அளவு<0, 0, 1>. வேகம், நீளத்தை நேரத்தால் வகுத்தது. ஆகவே அளவு<0, 1, -1>. முடுக்கம் அளவு<0, 1, -2>.

விதிகள் இரண்டே. கூட்டவோ கழிக்கவோ வேண்டுமானால் மூன்று அடுக்குகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பெருக்கினால் அடுக்குகள் கூடும், வகுத்தால் கழியும். இந்த விதிகளை வார்ப்புருவாக எழுதிவிட்டால், பொருண்மை <1, 0, 0> உடன் முடுக்கம் <0, 1, -2> பெருக்கப்படும்போது <1, 1, -2> என்ற வகை தானாகப் பிறக்கும். அதுதான் விசை. அந்த விடையைத் தவறுதலாக வேகம் என்ற மாறியில் வைக்க முயன்றால் நிரல் தொகுக்கப்படவே படாது. மீட்டரோடு வினாடியைக் கூட்டினாலும் அப்படியே. உங்கள் இயற்பியல் ஆசிரியர் சிவப்பு மையால் செய்யும் வேலையைத் தொகுப்பி செய்கிறது.

இதனால் நிரல் மெதுவாகிவிடுமா? ஆகாது. அடுக்குகள் தொகுக்கும் நேரத்தில் மட்டுமே இருக்கின்றன. சோதனை முடிந்த பின், ஓடும் நிரலில் மிஞ்சுவது ஒரு தசம எண் மட்டுமே.

இங்கே ஓர் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பவுண்டு விசை வினாடிக்கும் நியூட்டன் வினாடிக்கும் பரிமாணம் ஒன்றே: <1, 1, -1>. ஆகவே மேலே எழுதிய வகுப்பு மட்டும் இருந்திருந்தால் செவ்வாய்ப் பிழையை அது பிடித்திருக்காது. பரிமாணம் சரியாக இருந்தும் அலகு தவறாகலாம். அதற்கு அலகின் விகிதத்தையும் வகைக்குள் கொண்டுவர வேண்டும்.

2011-ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்த 'கிரோனோ' என்ற நேர நூலகம் இப்படித்தான் செய்கிறது. அதில் வினாடி ஒரு வகை, மில்லிவினாடி இன்னொரு வகை. 1,000 என்ற விகிதம் வகைக்குள்ளேயே இருக்கிறது. 5 வினாடியையும் 300 மில்லிவினாடியையும் கூட்டினால் 5,300 மில்லிவினாடி என்று சரியாக மாற்றித் தரும். அந்த 5,300-ஐ முழு எண் வினாடியில் வைக்க முயன்றால் மறுத்துவிடும், 300 மில்லிவினாடி தொலைந்துவிடும் என்பதால். 'தொலைந்தாலும் பரவாயில்லை, மாற்று' என்று நாம் வெளிப்படையாக எழுதினால்தான் 5 வினாடி என்று தரும்.

கோப்பு வழியாக ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்கு எண் போகும்போது, வகை அதோடு போவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. கோப்பிலும் அலகை எழுத வேண்டும். படிக்கும் இடத்தில் அதைச் சரிபார்க்க வேண்டும். வார்ப்புரு ஒரு நிரலின் எல்லைக்குள் காவல் காக்கும். எல்லையில் நிற்க வேண்டியவர் நிரலாளரே.

வார்ப்புருவின் விலை

இத்தனை நன்மைக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு தனிப் படி வார்க்கப்படுவதால் தொகுக்கும் நேரம் கூடும். நிரலின் அளவும் பெருகலாம். ஜாவா கற்கும் மாணவர்கள் அங்கேயும் கோண அடைப்புக்குறிக்குள் வகையை எழுதியிருப்பீர்கள். 2004-இல் ஜாவாவில் வந்த அந்த வசதி வேறு வழியில் செல்கிறது. வகையைச் சரிபார்த்த பின் அதை அழித்துவிட்டு, எல்லா வகைக்கும் ஒரே படியைப் பயன்படுத்துகிறது. தோற்றம் ஒன்று, உள்வேலை வேறு.

இன்னொரு விலை, புரியாத பிழைச் செய்திகள். நம் 'பெரியது' செயற்கூறில் < என்ற குறி இருக்கிறது. ஆகவே ட-வின் இடத்தில் வரும் எந்த வகைக்கும் < தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் வரியில் நாம் அதைச் சொல்லவில்லை. 'ஏதோ ஒரு வகை' என்றுதான் சொன்னோம். ஒப்பிடத் தெரியாத வகையைக் கொடுத்தால், தொகுப்பி வார்ப்புருவின் உள்ளே போய் முட்டிக்கொண்டு அங்கிருந்து கத்தும். நூலகத்தின் ஆழத்தில் இப்படி நடந்தால் செய்தி பக்கம் பக்கமாக நீளும்.

வார்ப்பு அச்சையே மீண்டும் பாருங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். வெள்ளிக்கு 962 டிகிரி வேண்டும். வெள்ளீயத்துக்குச் செய்த ரப்பர் அச்சில் வெள்ளியை ஊற்றினால் அச்சு கெடும். 'இது இத்தனை டிகிரிதான் தாங்கும்' என்று அச்சின் மேல் எழுதி ஒட்டியிருந்தால் ஊற்றும் முன்பே தெரிந்திருக்கும். 2020-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த 'கான்செப்ட்' என்ற வசதி அந்த ஒட்டுச்சீட்டுதான். 'ட என்பது ஒப்பிடத் தெரிந்த வகை' என்று முதல் வரியிலேயே எழுதலாம். பொருந்தாத வகை வந்தால் தொகுப்பி வாசலிலேயே காரணத்தைச் சொல்லி நிறுத்திவிடும்.

பிழைச் செய்தி பற்றிய ஒரு சுவையான நிகழ்வும் உண்டு. 1994-இல் எர்வின் உன்ரூ என்ற நிரலாளர் தரக் குழுவினரிடம் ஒரு சிறு நிரலைக் காட்டினார். அது தொகுக்கப்படாது, பிழைதான் வரும். ஆனால் வந்த பிழைச் செய்திகளில் 2, 3, 5, 7 என்று பகா எண்கள் வரிசையாக இருந்தன. வெற்றிடங்களை நிரப்பும் வேலையைக் கொண்டே தொகுப்பியைக் கணக்குப் போடவைக்க முடியும் என்பதை அது காட்டியது. அதுவரை மொழியை உருவாக்கியவர்களே திட்டமிடாத ஆற்றல் அது.

நினைவில் கொள்க

• வகை என்பது நினைவகக் குறிகளைப் படிக்கும் விதி.
• வார்ப்புரு வகையை மறைப்பதில்லை. அதற்கு வெற்றிடம் விட்டு, பயன்படுத்தும் இடத்தில் நிரப்புகிறது.
• நிரப்பியவுடன் நிரல் ஓடுவதற்கு முன்பே சோதனை முடிந்துவிடுகிறது.
• வெற்றிடத்தில் எதை எதிர்பார்க்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதுவது எழுதுபவரின் கடமை.
• எண்ணுக்கு அலகும் வகையும் உண்டு. விடைத்தாளிலும் நிரலிலும் அவற்றை விட்டுவிடாதீர்கள்.

முயன்று பாருங்கள்

1. அடர்த்தி என்பது பொருண்மையைக் கன அளவால் வகுத்தது. அளவு< , , > என்ற வார்ப்புருவில் அடர்த்தியின் மூன்று அடுக்குகள் யாவை?

2. மேலே உள்ள 'மிகப்பெரியது' செயற்கூறுக்கு, ஓர் உறுப்பும் இல்லாத காலிப் பட்டியலைக் கொடுத்தால் என்ன ஆகும்?

3. ஒரு தளத்தில் உள்ள புள்ளிகளின் பட்டியலை 'மிகப்பெரியது' செயற்கூறுக்குக் கொடுக்க முடியுமா?

விடைகள்

1. கன அளவு நீளத்தின் மூன்றாம் அடுக்கு. வகுக்கும்போது அடுக்கு கழியும். ஆகவே <1, -3, 0>.

2. ப[0] என்ற உறுப்பே இல்லை. இல்லாத இடத்தைப் படிப்பதால் நிரல் என்ன செய்யும் என்று சொல்ல இயலாது. வார்ப்புரு வகைப் பிழையைத் தடுக்கும்; இந்தப் பிழையைத் தடுக்காது. மொழியின் நூலகத்தில் உள்ள இதே வேலைக்கான செயற்கூறு மதிப்பைத் தருவதில்லை, விரலைத் தருகிறது. பட்டியல் காலி என்றால் விரல் முடிவிடத்தில் நிற்கும். அதைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

3. அப்படியே கொடுத்தால் தொகுப்பி மறுக்கும். (2, 5), (4, 1) ஆகிய புள்ளிகளில் எது பெரியது? நாம் ஒரு விதி சொல்லாதவரை அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. 'மையத்திலிருந்து தொலைவில் உள்ளதே பெரியது' என்று புள்ளி வகைக்கு < குறியின் பொருளை எழுதிக் கொடுத்தால், அதே வார்ப்புரு ஓர் எழுத்தும் மாறாமல் வேலை செய்யும்.